தரையில் கிடத்திய அரைமண்டி: சந்திரலேகாவின் ‘சரீரா’

மார்கழியில் சென்னையில் நடனம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு நேரக்கணக்கு கைவசம் இருக்கும். பரதநாட்டியக் கச்சேரியின் உருப்படிகளில் அலாரிப்பு ஐந்து நிமிடம், ஜதிஸ்வரம் பத்து நிமிடம், வர்ணம் முக்கால் மணி நேரம்; வர்ணம் முடிந்து பதம் தொடங்குவதற்குள் சபா கேன்டீனில் ஒரு காபி குடித்துவிட்டு இருக்கைக்குத் திரும்பிவிடலாம். பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டியுள்ள ‘ஸ்பேசஸ்’ வளாகத்தில் ‘சரீரா’ என்ற நடனத்தைப் பார்த்த மாலையில் அந்தக் கணக்கு எனக்கு உதவவில்லை. ஒரு பெண் தரையில் இருக்கிறார். அவருடைய கால்கள் எழுகின்றன; எழுந்த கால்கள் மெல்ல விரிகின்றன. நடந்தது இவ்வளவுதான். ஆனால் அதற்கு ஆன நேரத்தில் வழக்கமான கச்சேரியில் மூன்று வேகங்களில் ஆடும் ஒரு திரிகால ஜதியும் அதை முடித்துவைக்கும் அறுதியும் முடிந்து, கைதட்டலும் ஓய்ந்திருக்கும்.

‘சரீரா’ 2001ஆம் ஆண்டு நடன அமைப்பாளர் சந்திரலேகா உருவாக்கிய படைப்பு. அவருடைய கடைசிப் படைப்பும் அதுவே. 2006 டிசம்பர் 30ஆம் தேதி அவர் மறைந்த பின்னரும் அவருடைய குழுவினர் அதைத் தொடர்ந்து ஆடிவந்தனர். நான் பார்த்ததும் அப்படி ஒரு நிகழ்வைத்தான். ஆடியவர்கள் இருவரே: திஷானி தோஷி, ஷாஜி ஜான். முன்னவர் கவிஞராகவும் நாவலாசிரியராகவும் அறியப்பட்டவர். பின்னவர் கேரளத்தின் போர்க்கலையான களரிப்பயிற்றில் தேர்ந்தவர். இசை, குந்தேச்சா சகோதரர்களின் துருபத்; இந்துஸ்தானி இசையின் பழைய வடிவம் அது. ஒளியமைப்பு, சந்திரலேகாவுடன் நெடுங்காலம் பணியாற்றிய சதானந்த் மேனன். ஏறத்தாழ ஒரு மணி நேரம், இடைவேளை கிடையாது.

‘நடன நாடகம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவது கலாக்ஷேத்திரத்தின் ராமாயண வரிசை போன்ற நாட்டிய நாடகம். பாத்திரங்கள் இருப்பர், பாடல் கதை சொல்லும், அரசனும் அசுரனும் ஆடை அலங்காரத்தாலேயே வேறுபட்டுத் தெரிவர். அந்த எதிர்பார்ப்போடு செல்பவர் ஏமாந்துபோவார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ‘சரீரா’வில் கதை இல்லை, பாத்திரம் இல்லை, சலங்கை இல்லை, நகை இல்லை. முகத்தில் பாவம் காட்டும் வழக்கமும் இல்லை. கண்கள் கையைத் தொடர்வதில்லை, புருவம் துள்ளுவதில்லை. ஆயினும் இரண்டு உடல்களுக்கு இடையே உள்ள தூரம் குறைவதும் கூடுவதும் பார்வையாளரிடம் ஏற்படுத்தும் பதற்றத்தை நாடகம் என்றே சொல்ல வேண்டும். கதைக்கு உரிய வேலையை அந்தத் தூரம் செய்துவிடுகிறது.

இந்த இடத்துக்கு சந்திரலேகா எப்படி வந்து சேர்ந்தார் என்பது இந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்கு உதவும். 1928இல் பிறந்த அவர், சட்டப் படிப்பைக் கைவிட்டுச் சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதநாட்டியம் கற்றார். பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதிக்கு ஜதி சொல்லித் தாளம் நடத்தி நட்டுவாங்கம் செய்த எல்லப்பப் பிள்ளையேதான். ஆகவே சந்திரலேகாவின் தொடக்கம் மரபுக்கு வெளியே அமைந்தது அன்று. 1952இல் நடந்த அவருடைய அரங்கேற்றம், ராயலசீமையில் நிலவிய வறட்சிக்கு நிதி திரட்டுவதற்காக ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. யமுனையில் பெண்கள் நீர் விளையாடுவதை அபிநயித்துக்கொண்டிருந்தபோது, நாளிதழ்களில் பார்த்திருந்த வெடித்த நிலத்தின் படங்கள் நினைவுக்கு வந்து தாம் உறைந்து நின்றதை அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். கையில் நீரை அள்ளிக் காட்டும் முத்திரைக்கும் நீரில்லாத ஊருக்கும் இடையே அவர் அன்று கண்ட பிளவு பிறகு மூடவேயில்லை. இடையில் பல ஆண்டுகள் அவர் மேடையை விட்டு விலகியிருந்தார். எழுதினார், சுவரொட்டிகள் வடிவமைத்தார், பெண்கள் இயக்கங்களோடு நின்றார். 1984இல் பம்பாயில் நடந்த கிழக்கு மேற்கு நடனச் சந்திப்பு அவரை மீண்டும் நடனத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ‘அங்கிகா’. பிறகு பழங்காலக் கணித மேதை பாஸ்கராச்சாரியாரின் கணக்குகளை ஆட்டமாக்கிய ‘லீலாவதி’, பெண்ணின் முதுகெலும்பு வளைவதையும் நிமிர்வதையும் பற்றிய ‘ஸ்ரீ’, அதன்பின் ‘யந்த்ரா’, ‘மகாகால்’, ‘ராகா’, ‘ஸ்லோகா’. பதினாறு ஆண்டுகளில் ஒவ்வொரு படைப்பிலும் எதையாவது ஒன்றைக் கழற்றிக்கொண்டே வந்தவர், ‘சரீரா’வில் தரையையும் இரண்டு உடல்களையும் தவிர வேறெதையும் மிச்சம் வைக்கவில்லை.

கழற்றப்பட்டவற்றுள் முதன்மையானது ஆடை என்று நான் கருதுகிறேன். ஆடையின்மையை நான் சொல்லவில்லை. அதைப் பற்றிய கற்பனையோடு வருபவர்கள் வீடு திரும்பலாம், உடல் முறையாகவே போர்த்தப்பட்டிருக்கிறது. நான் சொல்ல வருவது விசிறியைப் பற்றி. பரதநாட்டிய ஆடையில் இரு முழங்கால்களுக்கும் நடுவே பட்டு மடிப்பு ஒன்று இருக்கிறது அல்லவா? ஆடுபவர் முழங்கால்களை மடக்கி விரிக்கும் அரைமண்டி நிலையில் அமர்ந்தவுடன் அது விரிகிறது. உடல் எந்த இடத்தில் திறக்கிறதோ அதே இடத்தைக் காட்டிக்கொண்டே மறைக்கும் வேலைப்பாடு அது. நாற்பது ஆண்டுகளாக நடனம் பார்க்கிற நாம் அந்த மடிப்பின் சரிகையை ரசித்திருக்கிறோம், விரியும் அளவை வைத்து அரைமண்டியின் தரத்தை மதிப்பிட்டிருக்கிறோம். அதன் பின்னால் இருக்கும் உடலைப் பார்த்ததில்லை. ‘சரீரா’வில் விசிறி இல்லை. அத்துடன் அரைமண்டி நிற்கவும் இல்லை. அதைப் பெயர்த்தெடுத்து மல்லாத்திக் கிடத்திவிட்டார்கள்.

அரைமண்டியை வடிவமாகவே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். குதிகால்கள் சேர்ந்திருக்க, பாதங்கள் பக்கவாட்டில் திரும்பி, முழங்கால்கள் மடங்கி விலகும்போது இடுப்புக்குக் கீழே ஒரு முக்கோணம் உண்டாகிறது. தோள்களும் இடையும் சேர்ந்து மேலே மற்றொன்று. தட்டுக்கழியோடு உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் ‘இன்னும் உட்கார்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஏன் என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. சந்திரலேகா கேட்டிருக்கிறார். அதே முக்கோணத்தைத் தரையில் கிடக்கும் ஒரு பெண்ணின் கால்கள் ஆகாயத்தை நோக்கி வரையும்போது, அடவு என்னும் அடிப்படை ஆட்டக்கூறின் தொடக்க நிலையாக நாம் அறிந்திருந்தது தாந்திரிக மரபு யோனி என்று வணங்குகிற வடிவமாகவும் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே கவனிக்க வேண்டியது மெதுவாக நடக்கும் அந்த விரிவு. விரைவாகச் செய்திருந்தால் அது உடற்பயிற்சியாகியிருக்கும், இல்லையென்றால் ஆபாசமாகியிருக்கும். இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதால் பார்ப்பவரின் மனம் அந்த இரண்டையும் கடந்து போக வேண்டியிருக்கிறது. முதல் சில நிமிடங்களில் அரங்கில் ஒரு சங்கடம் பரவியது; யாரோ தொண்டையைக் கனைத்தார்கள், யாரோ காலை மாற்றிப் போட்டார்கள். பிறகு அதுவும் அடங்கியது. பத்தாவது நிமிடத்தில் நான் ஒரு பெண்ணின் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணமே எனக்கு இல்லை. ஒரு கோணம் அகலமாகிக்கொண்டிருந்தது.

காதற்சுவையான சிருங்காரத்தைப் பற்றி இந்த ஊருக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. ஸ்பேசஸிலிருந்து சிறிது தொலைவில் திருவான்மியூரில் இருக்கும் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி, நடனத்தைப் பக்தியின் பக்கம் நகர்த்தினார். சிருங்காரமே ரசங்களுள் தலையாயது, அதைத் தூய்மைப்படுத்த எவரும் தேவையில்லை என்று பாலசரஸ்வதி அசையாமல் நின்றார். இந்த வழக்கில் சந்திரலேகா பாலசரஸ்வதியின் பக்கம்தான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ‘சரீரா’வைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலசரஸ்வதியின் சிருங்காரத்துக்கு நாயகி வேண்டும், வராத நாயகன் வேண்டும், தூது போகும் சகி வேண்டும், இவற்றையெல்லாம் தாங்கும் ஒரு பதம் வேண்டும். ‘சரீரா’வின் பெண் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஆண் நுழையும் முன்பே அவள் முழுமையாக இருக்கிறாள். அவன் வந்ததால் அவளுக்கு எதுவும் கூடியதாகவும் தெரியவில்லை. காதலின் கதையை அகற்றிவிட்டுக் காமத்தின் ஆற்றலை மட்டும் வைத்துப் பார்க்கும் முயற்சி இது. இதற்குப் பதமும் போதாது, பஜனையும் போதாது.

அந்த ஆணைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணங்கள் உண்டு. ஷாஜி ஜானின் உடல் களரியில் வார்க்கப்பட்டது. யானை, சிங்கம், பன்றி, பாம்பு என விலங்குகளின் பெயரால் அழைக்கப்படும் வடிவுகளைப் பயின்ற உடலுக்குத் தரையோடு ஒரு நெருக்கம் உண்டு. தாழ்ந்து நகர்வதில் அதற்குக் கூச்சம் இல்லை. ஆகவே அவர் உள்ளே வரும்போது நாயகன் நுழைவதுபோல் இல்லை. ஓர் உயிரினம் வருகிறது. மேற்கத்திய பாலேயில் ஆண் பெண்ணைத் தூக்கிக் காட்டுவதே வழக்கம். இங்கே ஆண் தாழ்கிறார். பெண்ணின் உடல் வரையும் கோணங்களுக்கு அருகே தன் கோணங்களைக் கொண்டுவந்து வைக்கிறார். இரண்டும் சேர்ந்து ஒரே உருவமாகத் தோன்றும் சில கணங்கள், நான் மேடையில் பார்த்த மிக அழகான காட்சிகளுள் அடங்கும். ஆனால் களரியின் வலிமை வெளிப்படையாகத் துலங்கும் இடங்களில் அரங்கமே நிம்மதிப் பெருமூச்சு விட்டதை நான் உணர்ந்தேன். ஏனென்றால் அது எல்லோருக்கும் புரிகிற ஒன்று: கடினமான உடற்செயல், அதைச் செய்துகாட்டும் திறமை. அதுவரை திறமையைப் பற்றிய எண்ணத்தையே எழவிடாமல் காத்துவந்த ஆட்டம், அந்தச் சில நிமிடங்கள் சாகசமாகத் தளர்ந்தது. பெண்ணுக்காகச் சிந்திக்கப்பட்ட அளவுக்கு ஆணுக்காகச் சிந்திக்கப்படவில்லை என்பதே என் குறை.

துருபத்தைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. கர்நாடக இசையாக இருந்திருந்தால் நம் காது சாகித்தியத்தைத் தேடிப் போயிருக்கும். எந்தக் கிருதி, யாருடைய முத்திரை என்று மனம் ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். துருபத் ஆலாபனையில் சொற்கள் இல்லை, பொருளற்ற அசைகளே உள்ளன. நம் கர்நாடக இசையின் தானத்தில் ‘அனந்தம்’ என்ற சொல் பொருளை இழந்து வெறும் ஓசையாக உருளுவதை நினைத்துக்கொண்டால் அது ஓரளவு விளங்கும். கீழ் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஸ்வரத்துக்குப் போவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் குரல் நிற்கும்போது, தரையில் ஒரு தொடை தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு நிற்கிறது. இசைக்கு ஆடுவது என்ற உறவு அங்கே இல்லை. இரண்டும் தனித்தனியாக ஒரே நிதானத்தைக் கடைப்பிடித்தன. லயம் வலுத்த பகுதிகளில் இந்தச் சமன் கெட்டது. தாளம் கேட்கத் தொடங்கியவுடன் உடல் அதற்குக் கீழ்ப்படிவதாகத் தோன்றியது. அதுவரை தன் காலத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டிருந்த உடலுக்கு அது ஓர் இறக்கம்தான். நட்டுவாங்கத்தின் பிடியிலிருந்து விடுபட்ட ஆட்டம் துருபத்தின் மத்தளமான பக்கவாஜின் பிடிக்குள் போவதா என்று எனக்குத் தோன்றியது. அருகில் அமர்ந்திருந்த நண்பர் இதற்கு நேர்மாறாக, அந்த இடத்தில்தான் தமக்கு உயிர் வந்தது என்றார்.

திஷானி தோஷி நடனம் முறையாகப் பயின்று வந்தவர் அல்லர். சந்திரலேகாவைச் சந்தித்த பிறகே அவர் இந்தப் பயிற்சிக்குள் வந்தார். பின்னர் 15 ஆண்டுகள் அளவுக்கு இதை ஆடினார். பரதநாட்டிய ரசிகர்கள் பலர் இதை ஒரு குறையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது இந்தப் படைப்பின் அடித்தளமாகவே தெரிகிறது. பத்து வயதிலிருந்து அடவு செய்த உடல் ஒவ்வொரு அசைவின் முடிவிலும் தன்னை அறியாமல் ஒரு நேர்த்தியைச் சேர்த்துவிடும்: விரல் நுனி நீளும், கழுத்து நிமிரும், முகம் பார்வையாளரை நோக்கித் திரும்பும். ‘என்னைப் பார்’ என்று சொல்லும் அந்தப் பழக்கம் திஷானியிடம் இல்லை. அவர் அங்கே இருக்கிறார், அவ்வளவே. நீண்ட நேரம் ஒரே நிலையில் நிற்கும் தசையில் ஒரு மெல்லிய நடுக்கம் ஓடியதை முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்திருக்கலாம். பயின்ற நடனமணியிடம் நாம் மன்னிக்காத அந்த நடுக்கம், இங்கே உடல் உண்மையாகவே உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சான்றாக இருந்தது. மறுபுறம், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடங்களில் ஓரிரு முறை தடுமாற்றம் தெரிந்ததையும் மறைக்க வேண்டியதில்லை.

இத்தகைய ஆட்டங்களைப் பார்த்தவுடன் ‘வெளிநாட்டுச் சரக்கு’ என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஜெர்மனியின் வுப்பர்டாலைச் சேர்ந்த நடன அமைப்பாளர் பினா பவுஷ் சந்திரலேகாவுக்கு நெருங்கிய நண்பராக இருந்தார் என்பது உண்மை. இருவரையும் சேர்த்தே பேசுவதும் வாடிக்கையாகிவிட்டது. ஆனால் பினா பவுஷின் மேடையில் நாற்காலிகள் இருக்கும், மண் கொட்டியிருக்கும், ஆடுபவர்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள், ஒருவரையொருவர் துன்புறுத்துவார்கள். அங்கே நகர வாழ்க்கையின் மனிதர்களைப் பார்க்கிறோம். ‘சரீரா’வில் இருப்பவை அரைமண்டியும் யோகாசனமும் களரியும் துருபத்தும். இவற்றுள் எது வெளிநாட்டிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் தெரிந்துகொள்கிறேன். இந்தப் பழிக்கு மறுபுறமும் ஒரு காரணம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஊரில் நவீன நடனத்தைப் பற்றிய அறிமுகமும் உரையாடலும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. சபாவின் பின்வரிசையில் உட்கார்ந்து ஜதிக்குத் தாளம் போடும் ரசிகர், அரைமண்டியைப் பற்றி எவரையும்விட அதிகம் பேசத் தகுதியுள்ளவர், இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. அவரை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பார்க்க விரும்புபவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். இத்தகைய நிகழ்வுகளுக்குத் தாமதமாகச் செல்வதில் பயன் இல்லை. தொடக்கத்தில் அரங்கில் உண்டாகும் அந்த அமைதிக்குள் நாமும் இருந்தால்தான் பின்னால் வருவது பிடிபடும். கடற்கரை ஓரத்துத் திறந்தவெளியில் காற்றின் ஒலியும் தெருவின் ஒலியும் கேட்கும். அவை இடையூறாக எனக்குத் தோன்றவில்லை, ஆனால் என் பின்னால் இருந்தவரின் கைபேசி இரண்டு முறை ஒலித்தது இடையூறாகத்தான் இருந்தது. முன்வரிசையைவிடச் சற்றுத் தள்ளி அமர்வது நல்லது, ஏனெனில் தரையில் உருவாகும் வடிவங்கள் முழுமையாகத் தெரிவதற்குத் தூரம் தேவைப்படுகிறது. சிறு குழந்தைகளுக்கு இது ஏற்றதன்று. காரணம் நீங்கள் நினைப்பது அன்று, அவர்களால் இவ்வளவு நேரம் சும்மா உட்கார முடியாது என்பதுதான். பரதம் பயிலும் பதினாறு, பதினேழு வயதுப் பெண்களைக் கட்டாயம் அழைத்துச் செல்லலாம். ஆசிரியரிடம் சொல்லிவிட்டுச் செல்வதா, சொல்லாமல் செல்வதா என்பதை அவரவர் ஆசிரியரைப் பொறுத்து முடிவு செய்துகொள்ளவும்.

சந்திரலேகாவோடு பணியாற்றிய பத்மினி செட்டூர் போன்றவர்கள் அவரிடமிருந்து கிளம்பி வேறு திசைகளில் சென்றுவிட்டார்கள். அவர்களுடைய ஆட்டங்களில் இந்த நிதானம் இருக்கிறது, இந்த வெப்பம் இல்லை. அது அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. ‘சரீரா’வை இனி வேறு எவராவது எடுத்து ஆட முடியுமா என்று எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. பரதநாட்டியக் கச்சேரி வரிசையான மார்க்கத்தின் உருப்படிகள் நட்டுவனாரின் நாவில் இருக்கின்றன, மாணவிக்கு மாணவி இறங்குகின்றன. இதில் இறங்குவதற்கு அடவுக்கோவை என்று எதுவும் இல்லை. யாராவது முயன்றால் இரண்டு வேண்டுகோள்கள் வைப்பேன். சலங்கை கட்டிப் பழகாத ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். லயப் பகுதியில் பாதியைக் குறைத்துவிட்டு, அந்தக் கால்கள் விரியும் நேரத்தில் ஒரு நொடியைக்கூடக் குறைக்காதீர்கள்.